சலமாங்காவில் பச்சாட்டா ஆடக் கூச்சமா?

கேள்வி: முதுகலை படிக்க ஸ்பெயினின் சலமாங்காவுக்கு வந்திருக்கிறேன். வகுப்புத் தோழிகள் வியாழன்தோறும் சல்சா, பச்சாட்டா என்ற லத்தீன் ஜோடி நடனங்கள் ஆடும் பாருக்குக் கூப்பிடுகிறார்கள். ஒருமுறை போய் இரண்டு மணி நேரம் சுவரோரமாக நின்றுவிட்டு வந்தேன். ஆடத் தெரியாது, முன்பின் தெரியாதவரோடு ஒட்டி ஆடவும் கூச்சம். போவதா, விட்டுவிடுவதா?
– ஒரு வாசகி

பதில்: போங்கள். ஆனால் தோழிகளுக்கு முன்னால் போங்கள். அந்த ஊரில் இரவுச் சாப்பாடே ஒன்பது, பத்து மணிக்குத்தான். ஆட்டத் தளம் நிறைவது நள்ளிரவை ஒட்டி. இப்படிப்பட்ட இடங்கள் பலவற்றில் ஆட்டத்துக்கு முன் ஒரு மணி நேர வகுப்பு உண்டு. அதில் ஜோடி மாற்றிக்கொண்டே இருப்பார்கள் என்பதால், தளம் நிறையும்போது பத்துப் பேராவது உங்களுக்கு முகம் பழகியிருப்பார்கள். சின்ன ஊர் வேறு. அடுத்த வாரமும் அதே முகங்கள்தான்.

முதலில் பச்சாட்டா. நாலு தாளம், மூன்று அடி. வலது கால் வலப்பக்கம், இடது கால் சேர்ப்பு, மறுபடி வலது. நாலாவதில் இடது காலைத் தட்ட மட்டும் வேண்டும். பிறகு இதையே இடப்பக்கம். புதியவர்கள் சறுக்குவது அந்த நாலாவதில்தான்: தட்டும் காலில் பாரத்தை இறக்கிவிட்டால், அடுத்த அடிக்கு எடுக்க வேண்டிய கால் தரையோடு மாட்டிக்கொள்ளும். அடி உங்கள் பாத நீளத்துக்கு மேல் போக வேண்டாம். சல்சா எட்டுத் தாளம், நாலிலும் எட்டிலும் நிறுத்தம், வேகமும் கூடுதல். அது ஒரு மாதம் காத்திருக்கட்டும்.

கூச்சத்துக்கு வருவோம். ஸ்பெயினில் இப்போது அதிகம் ஆடுவது பச்சாட்டா சென்சுவல். காதிஸ் நகரத்து கோர்கே, ஜூடித் ஜோடி வளர்த்தெடுத்த பாணி; உடல் அலையும் தலைச்சுழற்சியும் நிறைந்தது. பச்சாட்டா பிறந்த டொமினிக்கன் குடியரசின் பாணியில் கால்வேலைதான் அதிகம், இடைவெளியும் தாராளம். எதுவானாலும் தூரத்தை நீங்களே தீர்மானிக்கலாம். இடது உள்ளங்கையை உங்களோடு ஆடுபவருடைய வலது தோளின் முன்பக்கத்தில் வையுங்கள். முன்கை அவர் மேற்கையின் மேல் படியட்டும். அவர் நெருங்கினால் உள்ளங்கையை லேசாக அழுத்துங்கள், முழங்கை மடங்க வேண்டாம். ஆடத் தெரிந்தவருக்கு அது போதும். புரியாதவரிடம் ஓர் அடி பின்வாங்கி விரல் பிடிக்கு மாறுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் பாட்டு நடுவிலேயே ‘கிராத்தியாஸ்’ (நன்றி) சொல்லி விலகலாம், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். ஒருவருக்கு மறுத்தால் அந்தப் பாட்டுக்கு வேறு யாரோடும் ஆடக்கூடாது என்றொரு பழைய மரியாதை உண்டு. கை முறுக்கும் ஆளிடம் அதைக் காக்க வேண்டியதில்லை.

சுற்றும்போது அவர் விரல்மேல் உங்கள் விரலைக் கொக்கிபோல் மாட்டினால் போதும். கட்டைவிரலால் இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டுப் பிசகும்.

ரப்பர் அடி கொண்ட ஓட்டக் காலணியும் ஆகாது. உடம்பு திரும்பும், பாதம் ஒட்டிக்கொள்ளும், காயம் முழங்காலுக்கு. அடி வழவழப்பான, குதிகால் மூடிய தட்டைச் செருப்பு இப்போதைக்குப் போதும். பிறகு மெல்லிய தோலடிக் காலணி வாங்கினால் பையில் எடுத்துப் போய் உள்ளே மாற்றிக்கொள்ளுங்கள். தெருக் கல்லிலும் சிந்திய பீரிலும் அது ஒரே வாரத்தில் பாழாகும். நுழைவுக் கட்டணத்தில் பெரும்பாலும் ஒரு பானம் சேர்த்தி. தண்ணீராகவே கேட்டு வாங்கலாம்.

யாராவது கூப்பிடட்டும் என்று காத்திருக்காதீர்கள். ‘பைலாஸ்?’ (ஆடுகிறாயா?) என்று பெண்களும்தான் கேட்கிறார்கள். வகுப்பில் உங்களோடு தடுமாறியவரிடமே முதலில் கேளுங்கள்.