தாழ்ப்பாளில் வைத்த கை

கேள்வி: கோவையில் படிக்கும் மகள் என் பிறந்தநாளுக்கு ஒரு சிறுகதைத் தொகுப்பு வாங்கித் தந்தாள். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் ஒருவருடையது, 16 கதைகள். இரண்டே ராத்திரியில் முடித்துவிட்டேன். ஆனால் யார் எந்தக் கதையில் வந்தார்கள் என்றே குழம்புகிறது. பாதிக் கதைகளுக்கு முடிவும் இல்லை. ஒன்றில், பல வருடம் கழித்து மகன் வாசலில் வந்து நிற்கிறான். அம்மா தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அவ்வளவுதான் கதை! அடுத்த தாள் கிழிந்துவிட்டதோ என்று புரட்டிப் பார்த்தேன். அவள் கதவைத் திறந்தாளா என்று இரண்டு வாரமாக மண்டையைக் குடைகிறது. சிலோனிலிருந்து வந்த எங்கள் பாட்டி, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் விட்டுவந்த நாய் ரயிலடி வரை பின்னாலேயே ஓடி வந்த கதையைச் சொல்வார். அதுவே இதைவிட மேல். தினமும் கூடலூருக்கு என்னோடு பஸ்ஸில் வரும் அக்காவோ, 'நாவல் படி, சிறுகதையெல்லாம் சும்மா பொழுதுபோக்கு' என்கிறார். எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லையா?
— பெயர் வேண்டாம், பந்தலூர்

பதில்: அன்புள்ள சகோதரி,

16 கதைகளை இரண்டு ராத்திரியிலா! நானும் இந்த வேலையைச் செய்தவள்தான். குன்னூரில் மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பளிக்குள் சுருண்டுகொண்டு ஒரு தொகுப்பை ஒரே மூச்சில் முடித்தேன். மறுவாரம் தோழியிடம் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ சொல்கிற மாமியார் மூன்றாவது கதையில் வருகிறவர். செத்துப்போனது பதினோராவது கதையில் வேறு ஒருத்தி" என்றாள்.

நாவலில் அடுத்த அத்தியாயம் வந்து பழையதை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். தொகுப்பில் அப்படி இல்லை. அடுத்த கதையைத் தொடங்கிய நிமிடமே முந்தின கதையின் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள். அதனால் ஒரு நாளைக்கு ஒன்று போதும். உங்களுக்கு இதற்கு வசதியான ஒரு மணி நேரப் பயணம் வேறு இருக்கிறது. ஆனால் பஸ்ஸில் படிக்காதீர்கள், அந்த வளைவுகளில் குமட்டும். பந்தலூர் ஸ்டாண்டில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒரு கதையைப் படித்துவிட்டு ஏறுங்கள். புத்தகத்தைப் பைக்குள் போட்டுவிட்டு ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். தேவாலா வரைக்கும் ஒன்றும் தோன்றாமல் போகலாம். நாடுகாணி தாண்டும்போது, அந்த ஆள் ஏன் கடைசி வரை செருப்பைக் கழற்றவே இல்லை என்று ஏதாவது ஒன்று உறைக்கும். சிறுகதையில் எனக்குப் பிடித்த இடம் அதுதான், அச்சில் இல்லாத அந்தக் கொஞ்ச நேரம்.

முடிவு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பாட்டி 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்தவராக இருப்பார் என்று நினைக்கிறேன். அப்படி வந்தவர்களுக்காகத்தானே 1968-இல் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களே தொடங்கின. சரி, அந்த நாய்க்குக் கடைசியில் என்ன ஆனது? ரயிலடி வரை ஓடி வந்தது என்பதோடு பாட்டி நிறுத்திவிடுவார், இல்லையா? நீங்களும் "அப்புறம்?" என்று கேட்டிருக்க மாட்டீர்கள். ரயில் புறப்பட்டதும் தலைமன்னாரில் கப்பல் ஏறியதும் கதையில் வராவிட்டாலும் உங்களுக்குத் தெரியும். பாட்டி எதைச் சொல்லாமல் விட்டார் என்பது தெரிந்த காது உங்களுடையது. அச்சில் வந்ததும் மட்டும் தாள் கிழிந்துவிட்டதா என்று தேடுகிறீர்கள்!

அந்தத் தாழ்ப்பாள் கதையை நான் படித்ததில்லை. ஆனால் அம்மா கதவைத் திறந்தாள், மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள் என்று எழுதியிருந்தால் நீங்களும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு அன்றே மறந்திருப்பீர்கள். இரண்டு வாரம் குடைந்திருக்காது. ஒன்று செய்யுங்கள். அதே கதையின் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போங்கள். தொடக்கத்தில் அந்த அம்மா என்ன செய்துகொண்டிருக்கிறாள்? எத்தனை பேருக்கு உலை வைக்கிறாள்? வீட்டில் யாருடைய பொருள் இன்னும் வைத்த இடத்திலேயே இருக்கிறது? நல்ல எழுத்தாளர் என்றால் பெரும்பாலும் பதிலை அங்கேதான் போட்டு வைத்திருப்பார். முதல் தடவை நாம் கதை எங்கே போகிறது என்று ஓடுகிற ஓட்டத்தில் அதைத் தாண்டி வந்துவிடுகிறோம். எல்லாக் கதையும் இப்படி என்று சொல்ல மாட்டேன். எப்படி முடிப்பது என்று தெரியாமல் நிறுத்திய கதைகளும் தொகுப்புக்கு இரண்டு மூன்று இருக்கத்தான் செய்யும். இரண்டாம் முறையும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் குற்றம் உங்கள்மேல் இல்லை, தாண்டிப் போய்விடுங்கள்.

வரிசையாகப் படிக்க வேண்டும் என்றும் இல்லை. தலைப்புக் கதைதான் சிறந்தது என்றும் நம்பாதீர்கள். அணிந்துரையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் அணிந்துரைக்காரர்களில் பலருக்குக் கதையைச் சொல்லிவிடாமல் பாராட்டத் தெரியாது.

பஸ் அக்காவிடம் ஒரு தகவல் மட்டும் சொல்லுங்கள்: 1979-இல் தி. ஜானகிராமன் சாகித்ய அகாதமி விருது வாங்கியது சிறுகதைத் தொகுப்புக்காக. 2016-இல் வண்ணதாசனும் அப்படித்தான். அதற்கும் மசியவில்லை என்றால் உங்கள் புத்தகத்திலேயே மிகச் சிறிய கதையைப் பார்த்து, பஸ் வருவதற்குள் படித்துக் காட்டுங்கள்.

தாழ்ப்பாள் கதையை மறுபடி படித்த பிறகு எனக்கு எழுதுங்கள். அப்படியே இன்னொன்றும் எழுதுங்கள்: அந்த நாயின் பெயரைப் பாட்டி எப்போதாவது சொல்லியிருக்கிறாரா?