படபடப்பு வந்தால் முதலில் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார். வயது 56, சர்க்கரை வந்து ஒன்பது வருஷம், காலையில் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரைகளைப் போடுகிறார். பிள்ளைகள் வெளியூரில், அவ்வளவு பெரிய வீட்டில் பெரும்பாலும் தனியாகத்தான் இருக்கிறார். சில நாள் மதியச் சாப்பாடு தள்ளிப்போகும்போது, சில நாள் ராத்திரி படுத்த பிறகு, திடீரென்று கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, நெஞ்சு அடித்துக்கொண்டு, உயிர் போய்விடும் என்ற பயம் வருகிறதாம். இசிஜி நன்றாக இருக்கிறது, வீட்டில் மனப்பிரமை என்கிறார்கள். கந்தரப்பம் என்ற இனிப்பில் ஒன்று சாப்பிட்டால் சில நாள் அடங்குகிறது, சில நாள் அடங்கவில்லை. இது லோ சுகரா, அதாவது ரத்தத்தில் சர்க்கரை இறங்குவதா, இல்லை பேனிக் அட்டாக்கா, அதாவது திடீரென்று வரும் கடும் பயமா என்று கேட்கிறார்.

ஆச்சி, இது மனப்பிரமை இல்லை. உங்களுக்கு இரண்டுமே இருக்கலாம், மதியம் வருவது ஒன்று, ராத்திரி வருவது வேறொன்று என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. ஆனால் அறிகுறியை மட்டும் கேட்டுவிட்டுப் பிரித்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் உடம்பு அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரக்கும், அதுதான் நடுக்கமும் வேர்வையும் படபடப்பும். பேனிக் அட்டாக்கில் சுரப்பதும் அதே அட்ரினலின்தான்.

அதனால் படபடப்பு வந்ததும் இனிப்பை எடுக்காதீர்கள், குளுக்கோமீட்டரை எடுங்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள், விரலில் பாகு ஒட்டியிருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். மீட்டர் கைக்கு எட்டவில்லை, தலை வேறு சுற்றுகிறது என்றால் மட்டும் லோ சுகர் என்றே வைத்துக்கொண்டு சர்க்கரையைச் சாப்பிடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. ஏறியதும் சாப்பாடு. கந்தரப்பமும் பணியாரமும் இதற்கு உதவாது, எண்ணெயில் பொரித்தது என்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும், இதை வீட்டு வேலைக்கு வருகிறவரிடமும் சொல்லி வையுங்கள்.

கிளிமிபிரைடு நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். எட்டு மணிக்கு இட்லியும் மாத்திரையும், அப்புறம் விருந்தாள், சாமி வேலை என்று மதியச் சாப்பாடு மூன்று மணிக்குப் போனால் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். சஷ்டி விரதத்துக்கும் பழனிப் பாதயாத்திரைக்கும் முன்னாலேயே டாக்டரிடம் மாத்திரை அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சரி, மீட்டர் 140, 160 என்று காட்டினால்? அப்போது லோ சுகர் இல்லை. பயத்திலேயே ஈரல் சர்க்கரையை வெளியே விடும், அதனால் அளவு கொஞ்சம் ஏறியும் இருக்கலாம். இந்த நேரத்தில் இனிப்பு சாப்பிடுவதுதான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற சிக்கல். பேனிக் அட்டாக் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய் பெரும்பாலும் அரைமணிக்குள் தானாகவே இறங்கிவிடும், ஆனால் இனிப்புதான் காப்பாற்றியது என்று மனசு பதிய வைத்துக்கொள்கிறது. அடுத்த முறையும் இனிப்பு, மூன்று மாதச் சராசரி ஏறுகிறது, டாக்டர் மாத்திரையைக் கூட்டுகிறார், இப்போது நிஜமாகவே லோ சுகர் வருகிறது, அந்தப் பயத்தில் இன்னும் நாலு பேனிக் அட்டாக். கவுனி அரிசி சர்க்கரைக்கு நல்லதாயிற்றே என்று அதைக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடுகிறவர்களும் உண்டு, சீனியும் தேங்காயும் சேர்த்தபிறகு அதுவும் இனிப்புதான்.

இன்னொன்று, ரொம்ப நாள் 250, 300 என்று இருந்துவிட்டு மருந்தால் 110-க்கு வந்தவர்களுக்கும் லோ சுகர் மாதிரியே நடுங்கும். ஆபத்தில்லை, சில வாரத்தில் உடம்பு பழகிக்கொள்ளும்.

மீட்டர் சரியான அளவு காட்டினால் உட்கார்ந்து மூச்சை மெதுவாக, உள்ளே இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுங்கள். வேக வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரலும் உதடும் மரமரவென்று ஆகும், அதைப் பார்த்துப் பயம் இன்னும் கூடும். அடிக்கடி வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், பேச்சுச் சிகிச்சைக்கும் மாத்திரைக்கும் நல்ல பலன் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். படபடப்புக்கு ப்ரோப்ரனோலால் எழுதிக்கொடுத்தால் நீங்கள் சர்க்கரை மாத்திரை போடுவதைச் சொல்லிவிடுங்கள், ப்ரோப்ரனோலால் லோ சுகரில் வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வேர்வை மட்டும்தான் மிஞ்சும்.

சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு வரும். போன மாசத்து இசிஜி இன்றைக்குச் சாட்சி இல்லை. வேர்வையோடு மூச்சுத்திணறல், தாடையிலோ கையிலோ வலி என்று வந்து விடாமல் இருந்தால், பேனிக் அட்டாக்காக இருக்கும் என்று படுத்துவிடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் நேரம், மீட்டர் அளவு, கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை நிமிஷத்தில் அடங்கியது என்று எழுதுங்கள். மீட்டர் ராத்திரி தலைமாட்டில் இருக்கட்டும், தூக்கத்தில் வேர்த்து விழித்தாலும் பாருங்கள். அந்த நோட்டோடு உங்கள் டாக்டரிடம் போங்கள், தைராய்டும் ரத்தசோகையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அவையும் இதே மாதிரி படபடக்க வைக்கும்.