நாடக மேடை: கேள்வி - பதில்

(இந்த இதழில் வந்த கேள்விகள் எல்லாமே ஆங்கிலேய நாடகாசிரியர் ஆலன் ஏக்போர்னின் ‘தி நார்மன் கான்குவெஸ்ட்ஸ்’ பற்றியவை.)

கேள்வி: ஒரே குடும்பம், ஒரே வார இறுதி, மூன்று நாடகங்கள் என்கிறார்கள். எதை முதலில் படிப்பது?
– திருச்சி வாசகர்

பதில்: எதிலிருந்தும் தொடங்கலாம். ஒவ்வொன்றும் தனியாக நிற்கும்படிதான் ஏக்போர்ன் எழுதினார். இருந்தாலும் சாப்பாட்டு அறையில் நடக்கும் ‘டேபிள் மேனர்ஸ்’, கூடத்தில் நடக்கும் ‘லிவிங் டுகெதர்’, தோட்டத்தில் நடக்கும் ‘ரவுண்ட் அண்ட் ரவுண்ட் தி கார்டன்’ என்ற வரிசைதான் எங்கள் சிபாரிசு. ‘டேபிள் மேனர்ஸ்’ முதல் காட்சி முழுக்க கதைநாயகன் நார்மனைப் பற்றியே பேச்சு. ஆள் மட்டும் வருவதில்லை. இரண்டாம் காட்சியில், ஞாயிறு காலை 9 மணிக்குத்தான் தலை காட்டுகிறார். அந்தக் காத்திருப்பு வீணாகக் கூடாது. தோட்ட நாடகமோ மற்ற இரண்டுக்கும் முன்னால் தொடங்கி, அவை முடிந்த பிறகு முடிகிறது.

மூன்றையும் படித்தபின் பன்னிரண்டு காட்சிகளையும் நேர வரிசையில் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். சனி மாலை தோட்டம் 5.30, சாப்பாட்டு அறை 6, கூடம் 6.30; இரவு கூடம் 8, தோட்டம் 9. ஞாயிறு காலை சாப்பாட்டு அறை 9, தோட்டம் 11. இரவு சாப்பாட்டு அறை 8, கூடம் 9. திங்கள் காலை 8 மணிக்குச் சாப்பாட்டு அறையும் கூடமும், 9 மணிக்குத் தோட்டம். ஓர் அறையில் கோபமாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனவர் அடுத்த அறைக்குள் எந்த முகத்தோடு நுழைகிறார் என்பது அப்போது புரியும். நகைச்சுவையின் பாதி அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: 1974-இல் கொண்டாடினார்கள், 2008-இல் மறுபடி கொண்டாடினார்கள். இரண்டும் ஒரே பாராட்டுதானா?
– மதுரை வாசகி

பதில்: இல்லை. 1973-இல் இங்கிலாந்தின் ஸ்கார்பரோ நகர நூலகத்துக்குள் இயங்கிய சிறிய அரங்கில், பார்வையாளர்கள் நாலு பக்கமும் உட்கார, இந்த நாடகங்கள் முதலில் மேடையேறின. அடுத்த ஆண்டு லண்டன் கிரீனிச் அரங்குக்கும் அங்கிருந்து லண்டனின் முக்கிய அரங்கப் பகுதியான வெஸ்ட் எண்டுக்கும் போனபோது, பார்வையாளர்கள் ஒரு பக்கம் மட்டும் உட்காரும் வழக்கமான முன்மேடைக்கு மாறின. டாம் கோர்ட்னி நார்மனாக நடித்தார்; பெனலோப்பி கீத், ஃபெலிசிட்டி கெண்டல், பெனலோப்பி வில்டன், மைக்கேல் கேம்பன், மார்க் கிங்ஸ்டன் உடன் நடித்தார்கள். ‘ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்’ இதழின் சிறந்த நாடக விருது கிடைத்தது. ஆனாலும் ஏக்போர்ன் என்றால் நடுத்தர வர்க்கத்தைச் சிரிக்க வைக்கும் கைதேர்ந்த தொழில்காரர், அவ்வளவுதான் என்ற முத்திரை எளிதில் விலகவில்லை. மைக்கேல் பில்லிங்டன் போன்ற விமர்சகர்கள் அவரைக் கனமான எழுத்தாளராக எடுத்துக்கொண்டு தொடர்ந்து எழுதினார்கள். 1983-இல் பில்லிங்டன் அவரைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார்.

2008-இல் மேத்யூ வார்ச்சஸ் இயக்கியபோது, லண்டன் ஓல்டு விக் அரங்கின் அமைப்பையே மாற்றி வட்ட அரங்கமாக்கினார்கள். 2009-இல் நியூயார்க்கின் ‘சர்க்கிள் இன் தி ஸ்கொயர்’ போய், சிறந்த மறுமேடையேற்றத்துக்கான டோனி என்ற அமெரிக்க நாடக விருதை வாங்கியது. எங்கள் கணிப்பில் அந்த வட்டம்தான் வித்தியாசத்தின் வேர். முன்மேடையில் வசனம் பேசுகிறவர்தான் கண்ணில் படுவார். வட்ட அரங்கில் உங்களுக்கு எதிரே இருப்பது பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஆனியின் முகமாக இருக்கலாம். படுத்த படுக்கையான அம்மாவைப் பார்த்துக்கொண்டே வயதைக் கரைக்கும் கடைசிப் பெண் அவள். சிரிப்பும் வலியும் ஒரே நொடியில் தெரிவதால்தான் ரஷ்ய நாடகாசிரியர் செகாவ் பெயர் விமர்சனங்களில் அடிக்கடி வருகிறது.

கேள்வி: மனைவியின் தங்கை, மச்சானின் மனைவி, சொந்த மனைவி என்று மூவரையும் வளைக்கப் பார்க்கும் நார்மனை இன்றைக்கு ரசிக்க முடியுமா?
– சேலம் வாசகி

பதில்: ரசிக்கச் சொல்லி நாடகம் கேட்கவில்லை. மனைவியின் தங்கை ஆனியோடு ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற ஊருக்கு ரகசியமாகப் போகத் திட்டம் போட்டவர் மாட்டிக்கொள்கிறார். பிறகும் வீட்டை விட்டு நகர மறுக்கிறார். எல்லோரையும் சந்தோஷமாக வைக்கத்தான் ஆசைப்பட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். கடைசியில் மூன்று பெண்களும் அவரைத் தனியே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த முடிவை விமர்சனத்தில் சேர்க்காமல் ‘பெண்களை மட்டம் தட்டும் நாடகம்’ என்று எழுதுவது அவசரத் தீர்ப்பு. ஆனால் நடிகரின் வசீகரத்தில் மயங்கி, இயக்குநரே நார்மன் பக்கம் சாய்ந்துவிட்டால் அந்தக் குற்றச்சாட்டு நியாயமானதுதான். அது மேடையேற்றத்தின் பிழை.

கேள்வி: எங்கள் கல்லூரிக் குழு ஒன்றை மட்டும் போட நினைக்கிறது. எங்கே சறுக்கும்?
– கோவை மாணவர்

பதில்: ‘டேபிள் மேனர்ஸ்’ போடுங்கள். ஆறு நடிகர்கள், ஓர் அறை, ஒரு மேஜை போதும். முதலில் உரிமம் வாங்குங்கள். ஒரே ஒரு முறை மேடையேற்றினாலும் அது கட்டாயம்.

சறுக்கும் இடம் மூன்று. ஞாயிறு இரவுச் சாப்பாட்டில், ஆனியை விரும்பும் டாமுக்குக் கிடைக்கும் குட்டை நாற்காலி முதலாவது. அதை முதல் ஒத்திகையிலேயே கொண்டுவந்துவிடுங்கள். மேஜை 30 அங்குலம் என்றால் இருக்கை 12 அங்குலம் சரியாக இருக்கும். அப்போது முகவாய் மேஜைக்கு மேல் ஒரு சாணுக்குள் நிற்கும். அதற்கும் கீழே போனால் முகம் மறையும், சிரிப்பும் போய்விடும். முன்மேடையானால் அவருக்கும் பார்வையாளருக்கும் நடுவே யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

அடுத்தது காலை உணவுக் காட்சி. நார்மனோடு பேசுவதில்லை என்று மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள, அவர் ஒருவரே பேசிக்கொண்டு போவார். மௌனமாக இருப்பவர்கள் முகத்தைக் கோணிச் சிரிப்பு வாங்கப் பார்த்தால் காட்சி செத்துவிடும். அவர்கள் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். பாலை அரை டம்ளருக்கு மேல் ஊற்றாதீர்கள். பாலில் போட்டுச் சாப்பிடும் தானியச் செதில் ஊறிக் கூழாகிவிடும், மெல்லும் சத்தம் கேட்காது.

மூன்றாவது, டாம் நார்மனை அடிக்கும் இடம். நார்மன் திட்டுவது தன் மனைவி ரூத்தை. டாமோ ஆனியைத் திட்டுவதாக நினைத்துக் கை ஓங்குகிறார். ஆகவே டாம் பார்க்கும் கோணத்தில் ரூத்தும் ஆனியும் ஒரே கோட்டில் உட்கார வேண்டும். பார்வையாளர்களுக்கு நார்மனின் கண் ரூத் மேல் இருப்பது தெளிவாகத் தெரிய வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் அடி வெறும் அடியாகிவிடும்.

அரங்கம் சிரிக்கும்போது அடுத்த வசனத்தை உடனே சொல்லாதீர்கள். சிரிப்பு முற்றாக அடங்கும் வரையும் காத்திருக்க வேண்டாம். உச்சம் தாண்டி இறங்கத் தொடங்கும் நேரத்தில் எடுங்கள்.

கேள்வி: ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு விமர்சனம் எழுதலாமா?
– சென்னை வாசகர்

பதில்: எழுதலாம். எதைப் பார்த்தீர்கள் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். கதாபாத்திரம் அரைகுறை என்று குறை சொல்லும் முன் மற்ற இரண்டின் பிரதியைப் படியுங்கள். மீதிப் பாதி பக்கத்து அறையில் இருக்கலாம்.