செல்விக்கு நீச்சல் தெரியும்

அன்புள்ள ஐயா,

தாராபுரத்திலிருந்து எழுதுகிறேன். போன ஆவணியில் என் தம்பி இறந்துபோனான். 27 வயது. குடி, சிகரெட் எதுவும் கிடையாது. தினமும் சாயங்காலம் ஷட்டில் விளையாடுவான். அன்று விடிகாலை செல்போனில் அலாரம் அடித்தது, எழுந்து உட்கார்ந்தான், அப்படியே சாய்ந்துவிட்டான். ஜி.எச்.சுக்குக் கொண்டுபோனோம். வரும்போதே உயிர் இல்லை என்று போலீசுக்குத் தகவல் சொல்லிவிட்டார்கள். போஸ்ட்மார்ட்டம் நடந்தது. என் மாமா ஒருவரும் முப்பது வயதில் இப்படித்தான் திடீரென்று போனாராம், அவரை யாரும் அறுக்கவில்லை, கௌரவமாக எடுத்துப்போனோம் என்று அம்மா சொல்லிச் சொல்லி அழுகிறார். கையெழுத்துப் போட்டது நான் என்பதால் என்னோடு பேசுவதில்லை. அறிக்கையில் இதயம் 290 கிராம், ரத்தக்குழாய்களில் அடைப்பில்லை, விசராவில், அதாவது பரிசோதனைக்கு அனுப்பிய உள்ளுறுப்புகளில், விஷமில்லை, திட்டவட்டமான காரணம் சொல்ல இயலவில்லை என்று இருக்கிறது. ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லவா அவனை அறுத்தார்கள்? சொந்தக்காரர்களில் பாதிப்பேர் காதல் தோல்வி என்கிறார்கள், மீதிப்பேர் தடுப்பூசி என்கிறார்கள். அறிக்கையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவனுக்குக் கடைசியில் வலித்திருக்குமா? அவனை அறுக்க விட்டது தவறா?

ர.

அன்புள்ள ர.,

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன், அதற்காகத்தான் நீங்கள் எழுதினீர்கள் என்று தோன்றுகிறது. வலித்திருக்காது. இதயத்தின் கீழறைகள் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்க ஆரம்பித்தால் மூளைக்கு ரத்தம் போவது நின்றுவிடும், பத்துப் பதினைந்து வினாடிகளுக்குள் நினைவு போய்விடும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் தம்பி தலையணையில் சாய்ந்தது அவனுக்கே தெரிந்திருக்காது. சாய்ந்ததைப் பார்த்தவர் நீங்கள். வலி முழுக்க உங்களுக்குத்தான்.

காதல் தோல்வியை விடுங்கள், விசராவில் விஷமில்லை என்று வந்த பிறகும் அதைச் சொல்கிறவர்களுக்குப் பேச ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். கோவிட் தடுப்பூசி விஷயத்தை மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். 47 மருத்துவமனைகளில் ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டது. 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்த 729 பேரை உயிரோடிருக்கும் 2,916 பேரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தடுப்பூசியால் ஆபத்து கூடவில்லை. கூட்டியவை வேறு: கோவிட்டுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தது, இறப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் மிதமிஞ்சிக் குடித்தது, உடம்பைக் கடுமையாக வருத்திக்கொண்டது, அப்புறம் குடும்பத்தில் ஏற்கெனவே யாராவது திடீரென்று இறந்திருப்பது. இந்தக் கடைசி விஷயத்தை இன்னொரு முறை படித்துவிட்டு, உங்கள் கடிதத்தையும் ஒருமுறை படியுங்கள்.

கோபப்படாதீர்கள். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. அலாரம் அடித்தது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மாமாவும் முப்பதில் இப்படித்தான் போனார் என்று அம்மாவின் அழுகைக்கு நடுவே ஓர் அரை வரி. இந்த ஒன்றரை வரியை போலீஸ்காரரிடம் சொன்னீர்களா? போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டரிடம்? எந்த இதய மருத்துவரிடமாவது? ஒருவரிடமும் சொல்லவில்லை. கதை எழுதிப் பிழைக்கிற என்னிடம் சொல்கிறீர்கள், அதுவும் அது முக்கியம் என்று தெரியாமலேயே.

எனக்கு ஏன் இது இப்படி உறைக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாளாக மனதில் கிடந்த விஷயம்தான், உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது.

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். 1981-இல் என் சித்தப்பா, 36 வயது, பருத்திக் காட்டுக்குள் புகுந்த மாட்டை விரட்டிக்கொண்டு ஓடியவர் வரப்பில் குப்புற விழுந்தார், எழுந்திருக்கவில்லை. பக்கத்து ஊர் டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். அறுக்காமல் கிடைத்ததே என்று தாத்தா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கும்பிட்டார். ஆறு வருடம் கழித்து, 1987-இல், அவருடைய மகள் செல்வி எங்கள் தோட்டத்துக் கிணற்றில் செத்துப்போனாள். பதினைந்து வயது. சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு அதே கிணற்றில் ஏழு வயதில் நீச்சல் பழகியவள், பம்புசெட் ரூம் கூரையிலிருந்து குதிப்பாள், தண்ணீருக்கடியில் போய்க் கல்லை எடுத்துக்கொண்டு வருவாள், என்னைவிட நன்றாக நீந்துவாள். அன்று குதித்தாள், பாதிக் கிணறு நீந்தினாள், கை நின்றுவிட்டது. மேலே படியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் விளையாடுகிறாள் என்று நினைத்தார்கள்.

கிணற்றுச் சாவு என்பதால் போஸ்ட்மார்ட்டம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பிணவறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தோம். காடாத் துணி நாலு மீட்டர், நூல்கண்டு, ஊதுபத்தி, சோப்பு எல்லாம் வாங்கிவரச் சொன்னார்கள், ஓடிப்போய் வாங்கிவந்தேன். ஏட்டு ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து பஞ்சாயத்தார் ஐந்து பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். சித்தி அவர் காலடியில் மண்ணில் உட்கார்ந்து ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எம்பிள்ளைக்கு நீச்சல் தெரியும்யா. அத எழுதுங்கய்யா. நீச்சல் தெரியும்னு எழுதுங்க." ஏட்டு நல்ல மனுஷன்தான், திட்டவில்லை. "சரிம்மா, சரிம்மா" என்றார். எழுதவில்லை. நுரையீரல் நீர்கோத்துக் கனத்திருந்தது, மூச்சுக்குழாயில் நுரை இருந்தது, நீரில் மூழ்கி மூச்சுத்திணறி இறந்ததாக அறிக்கை வந்தது. அதில் பொய் ஒன்றுமில்லை. அவள் மூழ்கித்தான் செத்தாள். நீந்தத் தெரிந்தவள் ஏன் மூழ்கினாள் என்று கேட்பதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. ஊர் அந்த இடத்தைத் தானே நிரப்பிக்கொண்டது. கிணற்றில் முனி இருக்கிறது என்று மறுவாரமே கிடா வெட்டினார்கள்.

இங்கே ஒரு விஷயம் புரிந்துகொள்ளுங்கள். நம் ஊர் போஸ்ட்மார்ட்டம் போலீஸ்காரரின் கேள்விக்காக ஏற்பட்டது. விஷமா இல்லையா, அடியா இல்லையா, யாராவது கொன்றார்களா? சென்னையில் 1849-இலேயே ரசாயனப் பரிசோதனைக் கூடம் வைத்ததும் முக்கியமாக விஷத்தைக் கண்டுபிடிக்கத்தான். சந்தேகச் சாவைப் போலீஸ் விசாரிப்பதற்கான, எல்லோரும் இன்னும் 174 என்று சொல்கிற சட்டப்பிரிவு 2024 ஜூலையிலிருந்து 194 ஆகிவிட்டது, எண் மாறியதே தவிர கேள்வி மாறவில்லை. குற்றம் இல்லை என்று தெரிந்த நிமிடம் கோப்பு மூடப்படும். செத்தவனின் அண்ணனுக்கும் இது வருமா என்பது போலீஸ் கேள்வியல்ல. அதை வீட்டார்தான் கேட்க வேண்டும். (போகிற போக்கில் இதையும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்: இந்த மாதிரி வழக்கில் குடும்பத்தின் சம்மதமே தேவையில்லை. நீங்கள் போட்ட கையெழுத்தால் யாரும் அவனை அறுக்கவில்லை, போடாமல் இருந்திருந்தாலும் நடந்திருக்கும்.)

சரி, உள்ளே என்ன செய்தார்கள்? நீங்கள் இதைத் தெரிந்துகொள்வதுதான் நல்லது, கற்பனை இதைவிட மோசமாக இருக்கும். இதயத்தை எடுத்து, கழுவி, எடை போடுவார்கள். அதன் மேல் ஓடும் ரத்தக்குழாய்களை மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டாக, பிஞ்சு வெண்டைக்காய் நறுக்குவதுபோலக் குறுக்கே வெட்டிக்கொண்டே போவார்கள். சுண்ணாம்பு படிந்த குழாய் கத்திக்கடியில் நறநறக்கும். தசையில் அங்கங்கே வெள்ளையாகத் தழும்பு இருந்தால், அது வாயு என்று சோடா குடித்துச் சமாளித்த ஏதோ ஒரு பழைய நாள். சுவர் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் அது வேறு நோய், ஆடுகளத்தில் சாகும் பையன்களிடம் பார்ப்பது. கெண்டைக்கால் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தம் நுரையீரல் வாசலில் வந்து அடைத்துக்கொண்டிருந்தால் அதுவும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் இந்த மேசையில் தெரியாதவையும் உண்டு. அடைப்பு வந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் இறந்தவரின் இதயத் தசையே வெறுங்கண்ணுக்கு நல்ல தசை மாதிரிதான் இருக்கும், குழாயைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். அதற்கும் அப்பால், இதயத்தைத் துடிக்கவைக்கும் மின்சாரம். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத்தின் செல்கள் அடுத்த துடிப்புக்குத் தயாராக வேண்டும், பொட்டாசியம் வெளியேறும் வாசல்களில் பிறவியிலேயே கோளாறு இருந்தால் அதற்கு நேரம் பிடிக்கும். ஈசிஜியில் அந்த நேரத்தைக் க்யூ-டி என்று அளக்கிறார்கள், அது நீண்டிருப்பதால் லாங் க்யூ-டி என்று பெயர். நீண்டிருக்கும் அந்த நேரத்தில், பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் பாய்ந்தால் தாளம் கலைந்துவிடலாம். இந்த நோயின் ஒரு வகையில் ஓட்டமும் நீச்சலும் தூண்டும். இன்னொரு வகையில் திடீர்ச் சத்தம் தூண்டும்: டெலிபோன் மணி, அலாரம்.

செத்த இதயத்தில் மின்சாரம் இல்லை. அது 290 கிராம் எடையோடு, அடைப்பில்லாத குழாய்களோடு, புத்தகத்தில் போட்ட படம்போல இருக்கும்.

ஆகவே "ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லவா அறுத்தார்கள்" என்று கேட்காதீர்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 2010 முதல் 2012 வரை, 1 முதல் 35 வயதுக்குள் இதயத்தால் திடீரென்று இறந்த 490 பேரைப் பார்த்தார்கள். போஸ்ட்மார்ட்டத்தில் காரணம் கிடைக்காதவர்கள் 40 சதவீதம். அங்கே அப்படி வந்தால் ரத்தத்தை எடுத்துவைத்து மரபணுவைப் பார்க்கிறார்கள், அண்ணன் தம்பிகளைக் கூப்பிட்டு ஈசிஜி எடுக்கிறார்கள். நம்மிடம் விசராவை உப்புக் கரைசலில் போட்டு விஷம் தேட அனுப்புகிறோம், ஊதா மூடி போட்ட குழாயில் மரபணுவுக்காக ஐந்து மில்லி ரத்தம் எடுத்துவைக்கப் பெரும்பாலும் யாருக்கும் தோன்றுவதில்லை. எடுத்துவைத்தால் எங்கே அனுப்புவது என்பது அடுத்த வம்பு. அதைப் பற்றி எழுதினால் இந்தப் பதில் முடியாது.

யோசித்துப் பாருங்கள், அறுக்காமல் மாரடைப்பு என்று எழுதியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? கொலஸ்ட்ரால் பார்த்திருப்பீர்கள். நார்மல் என்று வந்திருக்கும். நிம்மதியாகப் படுத்திருப்பீர்கள், தலைமாட்டில் அலாரம் வைத்துக்கொண்டு. எங்கள் வீட்டில் சித்தப்பாவுக்கு நடந்தது அதுதான். மாரடைப்பு என்ற ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது, அதற்குப் பின்னால் யாரும் எட்டிப்பார்க்கவில்லை, செல்வி கிணற்றுக்குப் போகிறவரை. போன பிறகும்கூட.

2009-இல் செல்வியின் தம்பி ஒரு கல்யாண மண்டபத்தில் மாடிப்படி ஓடி ஏறும்போது மயங்கி விழுந்தான், ஒரு நிமிடத்தில் தானாகவே தெளிந்தான். சாப்பிடாமல் ஓடியிருக்கிறான் என்று பாயசம் கொடுத்தார்கள். அவன் பெண்டாட்டி விவரமானவள், மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஈசிஜி தாளைப் பார்த்து, ஸ்கேலை வைத்து அளந்து, நிமிர்ந்து கேட்டாராம்: "உங்க குடும்பத்துல யாராவது தண்ணியில செத்திருக்காங்களா?"

ராத்திரி எனக்குப் போன் செய்து இதைச் சொல்லும்போது அவனுக்குப் பேச்சு வரவில்லை. சித்தி அப்போது உயிரோடு இருந்தாள். சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. ஊருக்குப் போய், திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து, நோய் இது, சித்தப்பாவிடமிருந்து வந்திருக்கலாம், செல்விக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்று நிதானமாகச் சொன்னேன். உறுதியாகச் சொல்ல இனி வழியில்லை என்பதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். "நான் அன்னைக்கே சொன்னேனேப்பா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

சித்தப்பா மகன் இன்றும் இருக்கிறான். தினமும் ப்ரோப்ரனலால் மாத்திரை, விலை ஒரு டீக்கும் குறைவு. கிணற்றுப் பக்கம் போவதில்லை. வயிற்றெரிச்சலுக்குக்கூட மருந்துக்கடையில் கேட்டு வாங்குவதில்லை, அந்த மாத்திரைகளில் சிலவற்றில் கலந்திருக்கும் டோம்பெரிடோன் க்யூ-டியை இன்னும் நீட்டும். மகள்கள் இரண்டு பேருக்கும் ஈசிஜி எடுத்து, ஒருத்தி மாத்திரை சாப்பிடுகிறாள்.

உங்கள் தம்பிக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் அறிக்கை பீரோவில் இருக்கக் கூடாது. அதை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூரில் ஓர் இதய மின்னியல் மருத்துவரைப் பாருங்கள். அலாரத்தையும் மாமாவையும் முதலில் சொல்லுங்கள், அவர் கேட்கக் காத்திருக்க வேண்டாம். ஒரு ஈசிஜி நன்றாக இருக்கிறது என்று சொன்னவுடன் எழுந்து வந்துவிடாதீர்கள், சிலருக்கு ஓடவைத்துப் பார்த்தால்தான் தெரியும். உங்களுக்குக் குழந்தைகள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அவர்களையும்.

அதற்கு முன்னால் அம்மா. மாமா அவருடைய கூடப்பிறந்தவர் என்றால், உங்கள் தம்பிக்கு வந்தது அம்மா வழியாக வந்திருக்கலாம், முதல் ஈசிஜி அவருக்குத்தான் எடுக்க வேண்டும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது, வழியாக வந்தது என்ற பேச்சையே இப்போது எடுக்க வேண்டாம். பிரஷர் பார்க்க என்று சொல்லிக் கூட்டிப்போங்கள். பேசமாட்டார் என்கிறீர்கள். பேச வேண்டாம், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் போதும்.