வாசகர் கேள்வி–பதில்: பிரசார் பாரதி நாற்காலியும் எம்.பி. பதவியும்

ஏனுங்க, பிரசார் பாரதியின் தலைமை அதிகாரியா இருந்த ஜவஹர் சர்க்கார் அப்புறம் திரிணாமுல் எம்.பி. ஆனாருங்களே. நாற்காலியில இருந்தப்பவே கட்சிக்காரராத்தான் இருந்தாருங்களா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1975-ஆம் ஆண்டு அணியைச் சேர்ந்த ஐ.ஏ.எஸ். அதிகாரியான அவர், மத்தியக் கலாசாரத் துறைச் செயலாளராக இருந்துவிட்டு 2012-ல், அகில இந்திய வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதியின் தலைமை நிர்வாக அதிகாரி ஆனார். பதவிக்காலம் முடியச் சில மாதங்கள் இருக்கையிலேயே, 2016 நவம்பரில் விலகினார். மாநிலங்களவைக்குப் போனது 2021 ஆகஸ்டில். நடுவில் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள்.

பெரிய சர்ச்சை 2014 ஏப்ரலில் வெடித்தது. தேர்தல் நேரத்தில் நரேந்திர மோடியிடம் தூர்தர்ஷன் எடுத்த பேட்டியில் சில பகுதிகள் வெட்டப்பட்டு ஒளிபரப்பாயின. அன்று ஆட்சியில் இருந்தது காங்கிரஸ் கூட்டணி. சர்க்கார் நியமனமானதும் அந்த ஆட்சியில்தான். ஆனாலும் வெட்டியது உண்மை என்று ஒப்புக்கொண்டு, தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தன்னாட்சி தரவில்லை என்று பிரசார் பாரதி வாரியத்துக்குக் கடிதம் எழுதினார். தனக்கும் அந்தப் பேட்டிக்கும் தொடர்பில்லை என்றார் அன்றைய அமைச்சர் மணீஷ் திவாரி. கட்சிக்காரராக இருந்திருந்தால் அப்படியொரு கடிதத்தை எழுதியிருக்க மாட்டார் என்பது என் கணிப்பு.

அதே ஆண்டு அக்டோபர் 3-ல் ஆர்.எஸ்.எஸ். தலைவரின் விஜயதசமி உரையைத் தூர்தர்ஷன் நேரலையில் காட்டியதும் இவர் காலத்தில்தான். கடிதத்துக்காகப் பாராட்டுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தன்னாட்சி அமைப்புன்னு சட்டமே சொல்லுது. அப்புறம் அமைச்சகம் எப்படிங்க கை வைக்குது?
– வாசகி, காங்கேயம்

1990-ல் நிறைவேறிய பிரசார் பாரதி சட்டம் 1997-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதை முழுக்கப் படித்தால் நாற்காலி கெட்டியானது என்றுதான் தோன்றும். தலைமை நிர்வாக அதிகாரியைத் தேர்வு செய்வது மூவர் குழு: மாநிலங்களவைத் தலைவர், பிரஸ் கவுன்சில் தலைவர், குடியரசுத் தலைவர் நியமிக்கும் ஒருவர். முறைகேட்டுக்காக நீக்குவதென்றால் உச்ச நீதிமன்றம் விசாரிக்க வேண்டும். சர்க்காருக்கு முன் அப்பதவியில் இருந்த பி.எஸ். லல்லி, காமன்வெல்த் போட்டி ஒளிபரப்பு ஒப்பந்த விவகாரத்தில் 2010 டிசம்பரில் இடைநீக்கம் ஆனபோதும் விசாரணை அங்கேதான் போனது.

கோளாறு பணத்தில் இருக்கிறது. 5.10.2007 அன்று பணியில் இருந்த ஊழியர்கள் அனைவரும் மத்திய அரசிலிருந்து அயல்பணியில் (டெபுடேஷன்) வந்தவர்களாகவே கருதப்படுகிறார்கள். சம்பளம் அரசின் மானியத்திலிருந்து வருகிறது. வாரியத்தில் அமைச்சகத்தின் பிரதிநிதியும் உட்கார்ந்திருக்கிறார். கீழ்பவானிப் பாசனக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வயல் நம்முடையதாக இருக்கலாம், மதகுச் சாவி வேறொருவர் கையில் இருந்தால் அவர் முகத்தைப் பார்த்துத்தான் நாற்று விட வேண்டும்.

இன்னொன்று, அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக எதையாவது ஒலிபரப்பச் சொல்லியோ தவிர்க்கச் சொல்லியோ அரசு உத்தரவிடலாம். அப்படி ஒலிபரப்பும்போது, அரசு சொல்லித்தான் இது வருகிறது என்று நேயர்களிடம் அறிவிக்கவும் பிரசார் பாரதிக்கு உரிமை உண்டு. அருமையான பாதுகாப்பு இது. ஆனால் உத்தரவாக வராமல் ஜாடையாக வரும் விருப்பத்துக்கு இந்தப் பிரிவு உதவாது. பெரும்பாலான நெருக்கடி அந்த வழியில்தான் வரும்.

அதிகாரிகள் விலகின கையோட கட்சியில சேரலாமுங்களா? நம்ம கரூர்ப் பக்கத்து அண்ணாமலையும் ஐ.பி.எஸ்.சை விட்டுட்டு வந்தவர்தானுங்களே?
– வாசகர், பொள்ளாச்சி

சேரலாம். பணியில் இருக்கும்போது கட்சி அரசியல் கூடாது என்று அகில இந்தியப் பணிகளுக்கான 1968-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. பணி முடிந்தபின் தடையில்லை. தனியார் வணிக வேலைக்கு ஓராண்டுக்குள் போவதென்றால் அரசின் அனுமதி வேண்டும். தேர்தலில் நிற்பதற்கு அப்படி எதுவும் கிடையாது. அண்ணாமலை 2019-ல் பணியை விட்டு 2020-ல் பா.ஜ.க.வில் சேர்ந்தது விதிப்படி சரியே. ஆனாலும் ஓர் இடைவெளி கட்டாயமாக வேண்டும் என்பது என் கருத்து. ஒலிபரப்புத் துறைத் தலைவர்களுக்கு அது இரண்டு மடங்கு பொருந்தும்.

சர்க்கார் ராஜினாமாக் கடிதத்தை மம்தாவுக்கு எழுதினாருன்னு படிச்சேன். அதோட பதவி போயிருமா?
– வாசகர், சத்தியமங்கலம்

போகாது. கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் மருத்துவர் கொல்லப்பட்ட சம்பவத்தில் அரசு நடந்துகொண்ட விதத்தையும், கட்சியில் ஊழலையும் கண்டித்து 8.9.2024 அன்று அவர் கட்சித் தலைவருக்கு எழுதியது அறிவிப்பு மட்டுமே. அரசியல் சட்டத்தின் 101(3) பிரிவுப்படி, கையெழுத்திட்ட கடிதம் அவைத் தலைவருக்குப் போக வேண்டும். நேரில் கொடுத்து, சொந்த விருப்பத்தில் விலகுவதாகச் சொன்னால் உடனே ஏற்கலாம். தபாலிலோ ஆள் மூலமோ வந்தால் அவைத் தலைவர் விசாரித்து உறுதி செய்துகொள்வார். இவர் விஷயத்தில் 12-ஆம் தேதி முடிந்தது.

2022-லேயே ஊழலைப் பற்றிப் பேசிக் கட்சிக்காரர்களின் கோபத்துக்கு ஆளானவர் அவர். வெளியில் பேசலாம், அவையில் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் கட்சித்தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணைப்படி பதவி பறிபோகலாம். தினேஷ் திரிவேதி விட்டுப்போன இடத்துக்குப் போட்டியின்றி வந்தவர் என்பதால், அவருக்குக் கிடைத்ததும் மிச்சக்காலம் மட்டுமே. இடைத்தேர்தலில் வருகிறவருக்குப் புதிதாக ஆறு ஆண்டு கிடைக்காது.

கோவை வானொலியிலோ தூர்தர்ஷனிலோ ஒரு பேட்டியை வெட்டிட்டாங்கன்னு சந்தேகம் வந்தா, எங்களை மாதிரி ஆளுங்க கேக்க முடியுமுங்களா?
– வாசகி, தாராபுரம்

முடியும். தகவல் உரிமைச் சட்டம் பிரசார் பாரதிக்கும் பொருந்தும். கட்டணம் 10 ரூபாய். நம்மூரில் பலர் செய்யும் தவறு, மாநில அலுவலகங்களுக்குச் செய்கிற பழக்கத்தில் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டி அனுப்புவது. மத்திய அமைப்புகளுக்கு அது செல்லாது; போஸ்டல் ஆர்டர் எடுங்கள், இல்லையென்றால் மத்திய அரசின் ஆன்லைன் தளத்தில் கட்டுங்கள்.

"ஏன் வெட்டினீர்கள்?" என்று எழுதாதீர்கள். காரணம் எந்த ஆவணத்திலும் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம் குறிப்பிட்டு, பதிவான மொத்த நிமிடம், ஒலிபரப்பான நிமிடம், திருத்தத்துக்கு ஒப்புதல் தந்த கோப்புக் குறிப்பின் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே அமைப்பின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள்; அதற்குக் கட்டணம் இல்லை. அங்கும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் டெல்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். சென்னையிலுள்ள மாநில ஆணையத்துக்கு அனுப்பினால் உங்கள் கெடு நாட்கள்தான் வீணாகும்.