தொங்குவது இருக்கட்டும், சிறுநீர் சரியாகப் போகிறதா?

கேள்வி: வயது 46, எடை 82 கிலோ. துறைமுகத்துக்கும் மணலிக்கும் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறேன். ஒன்றரை மாதமாக இடுப்பு வலி. இடது காலின் பின்பக்கம் கணுக்கால் வரை இழுக்கிறது. ஸ்கேனில் எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் மூடிவிட்ட ஒரு ஜிம்மிலிருந்து தலைகீழாகத் தொங்கும் டேபிளை வாங்கிவந்து, மொட்டை மாடியில் தினமும் பத்து நிமிடம் செங்குத்தாகத் தொங்குகிறேன். இறங்கியதும் வலி குறைகிறது, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறது. முகமும் கண்ணும் சிவக்கின்றன, முதுகில் சொடக்குச் சத்தம், கணுக்காலில் தடம், காதில் இரைச்சல். மூளை நரம்பு வெடித்துவிடும் என்று மனைவி பயப்படுகிறாள். வலி தாங்காவிட்டால் மெடிக்கலில் ஊசியும் செட் மாத்திரையும். பிரஷர் மாத்திரை தலை கனத்தால் மட்டும் போடுவேன். ஜவ்வு விலகினால் கால் விழுந்துவிடும், ஆபரேஷன் செய்தாலும் எழுந்திருக்க முடியாது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். வீட்டில் சம்பாதிப்பவன் நான் ஒருவன்தான். தொங்கலாமா, கூடாதா?
– தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: இப்போதைக்குத் தொங்க வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது. அதற்கு முன் அந்த வீடியோ போட்ட பயத்தை எடுத்துவிடுகிறேன்.

மூளையிலிருந்து இறங்கிவரும் தண்டுவடம் இடுப்பின் முதல் எலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வுதான் டிஸ்க். உங்கள் டிஸ்க் பிதுங்கியிருக்கும் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே தண்டுவடமே கிடையாது. அங்கே நரம்புகள் குதிரைவால் மாதிரி தனித்தனி இழைகளாகத் தொங்குகின்றன. பிதுக்கம் அதில் ஓர் இழையை ஒரு பக்கமாக அழுத்துவதால்தான் இடது காலில் மட்டும் இழுக்கிறது. இப்படிப்பட்ட வலி பெரும்பாலானவர்களுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே தணிகிறது. பிதுங்கிய பகுதியை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்வதும் உண்டு. ஸ்கேன் தாளில் உள்ள வார்த்தையைப் பார்த்தும் மிரள வேண்டாம். முதுகு வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு டிஸ்க் பிதுங்கித்தான் இருக்கும்.

இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. நீங்கள் எழுதிய பட்டியலில் அது இல்லை, அதனால் நானே கேட்கிறேன். சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் எந்த இடம் சீட்டில் படுமோ, அந்த இடம் மதமதப்பாக இருக்கிறதா? கழுவும்போது கை படுவது தெரிகிறதா? சிறுநீர் கழிக்க நின்றால் உடனே வருகிறதா, முக்கி வரவழைக்க வேண்டியிருக்கிறதா? மூத்திரப்பை நிறைந்திருப்பதே தெரியாமல் போகிறதா? மலம் தன்னையறியாமல் கசிகிறதா? ஒரு காலில் இருந்த இழுப்பு இரண்டு காலுக்கும் பரவியிருக்கிறதா? ஆணுறுப்பில் உணர்ச்சி குறைந்திருந்தால் அதையும் வெட்கப்படாமல் இந்தக் கணக்கில் சேருங்கள்.

டிஸ்க் பக்கவாட்டில் பிதுங்காமல் நடுவில் பெரிதாகப் பிதுங்கிவிட்டால், அந்தக் குதிரைவால் நரம்புகள் மொத்தமாக நசுங்கும். அப்போது இந்த அறிகுறிகள் வரும். அரிதுதான். ஆனால் வந்தால் நாள் கணக்கில் காத்திருக்க நேரம் கிடையாது. உடனே எம்.ஆர்.ஐ. எடுத்து, அழுத்தம் உறுதியானால் அவசரமாக ஆபரேஷன் செய்து விடுவிக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு, அதற்கும் முந்தினால் இன்னும் நல்லது. தாமதித்தால் சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் சக்தி திரும்பாமலே போகலாம். வலி குறைந்திருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள், நரம்பு செயலிழக்கும்போது வலி குறைவதும் உண்டு.

இதில் ஒன்று தெரிந்தாலும், அது நடுராத்திரியாக இருந்தாலும், அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தண்டையார்பேட்டையிலிருந்து பக்கம்தான். வண்டி இல்லையென்றால் 108. அங்கே "முதுகு வலி" என்று மட்டும் சொன்னால் வலி ஊசி போட்டு, காலையில் வெளிநோயாளிப் பிரிவுக்கு வரச் சொல்லிவிடக்கூடும். "டிஸ்க் பிதுக்கம் இருக்கு, இத்தனை மணியிலிருந்து யூரின் சரியா வரல, உட்கார்ற இடம் மரத்துப்போச்சு" என்று சொல்லுங்கள். இந்த வாக்கியத்தைக் கேட்ட டாக்டர் உங்களைத் திருப்பி அனுப்பமாட்டார். மனைவிக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

இன்னொரு சோதனை, அரை நிமிட வேலை. சுவரை ஒட்டி நின்று குதிகாலால் பத்து அடி நடங்கள், பிறகு நுனிக்காலால் பத்து அடி. இடது பாதத்தின் முன்பகுதி மட்டும் தூக்க வராமல் தரையில் இழுபட்டால் அந்த இழை பலவீனமாகிறது என்று பொருள். அப்படியென்றால் அன்றைக்கே நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். வாரம் ஒருமுறை இதைச் செய்துபாருங்கள்.

இனி அந்த டேபிள். அது முதுகெலும்பை இழுக்கிறது, டிஸ்க்கின் மேல் உள்ள பாரம் கொஞ்ச நேரம் குறைகிறது, அதனால்தான் இறங்கியதும் சுகமாக இருக்கிறது. எழுந்து நின்றதும் உடம்பின் பாரம் மறுபடியும் அதே டிஸ்க்கின் மேல் உட்காரும், ஒரு மணி நேரத்தில் வலி திரும்புவது அதனால்தான். பிதுங்கியதை உள்ளே தள்ளி ஒட்டவைக்கும் வேலையை எந்த டேபிளும் செய்வதில்லை. இங்கிலாந்தின் நியூகாசிலில் சிலருக்கு மட்டும் தொங்க வைத்துப் பார்த்து 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே ஒரு டிஸ்க்கில் பிரச்சினை உள்ளவர்களில், தொங்கியவர்களுக்கு ஆபரேஷன் தேவை குறைந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் இருபத்தைந்து பேர் அளவிலான முன்னோட்ட ஆய்வு அது. மருத்துவர்கள் தேர்ந்தெடுத்து, கண்காணித்துத் தொங்க வைத்தார்கள். பிரஷரைக் கவனிக்காமல் மொட்டை மாடியில் செங்குத்தாகத் தொங்குவதற்கு அது சான்றாகாது.

செங்குத்தாகத் தொங்க வேண்டிய அவசியமும் இல்லை. படுக்கை மட்டத்திலிருந்து சாய்வு 30 டிகிரி இருந்தாலே உடல் எடையில் பாதி இழுவையாக மாறுகிறது, 60 டிகிரியில் ஏறக்குறைய 87 சதவீதம். உங்கள் எடைக்கு 60 டிகிரியில் கணுக்கால் தாங்குவது சுமார் 71 கிலோ. முதுகு மெத்தையில் உராய்வதால் இதில் கொஞ்சம் கழியும். காலில் தடம் விழுவது இந்தப் பாரத்தால்தான். இடுப்புக்கு மேலுள்ள உடம்பு மட்டும் உங்களுக்கு 45 கிலோ அளவில் இருக்கும். 30 டிகிரியிலேயே டிஸ்க்குக்கு 20 கிலோவை ஒட்டிய இழுவை கிடைத்துவிடுகிறது. பிசியோதெரபியில் இடுப்பை இழுக்கத் தொடங்கும் அளவும் இதற்குப் பக்கத்தில்தான்.

உங்களை நான் தடுப்பதற்குக் காரணம் பிரஷர். தலை கனத்தால்தான் மாத்திரை போடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ரத்த அழுத்தம் ஏறினால் தலை கனக்கும் என்று யார் சொன்னது? 180-க்கு ஏறினாலும் பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. தலையைக் கேட்டு மாத்திரை போடுவதை இன்றோடு நிறுத்துங்கள், தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அது இலவசமாகக் கிடைக்கிறது.

அழுத்தம் கட்டுக்குள் இருக்கும் ஒருவர் சில நிமிடம் தலைகீழானால் மூளை ரத்தக்குழாய் வெடிக்காது. தலையில் ரத்தம் சேரும்போது மூளையைச் சுற்றியுள்ள திரவத்தின் அழுத்தமும் கூடவே ஏறி, குழாய்ச் சுவரை வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்கும். ஏற்கெனவே கட்டுப்பாடில்லாத அழுத்தத்தோடு ஓடும் குழாய்க்கு அந்த உத்தரவாதத்தை நான் தரமாட்டேன். அந்த அளவில் உங்கள் மனைவி சொல்வது சரி.

கண்ணுக்கு அப்படி ஒரு தாங்கல் இல்லை. தலைகீழாகும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. நாற்பதைத் தாண்டிவிட்டீர்கள். வீட்டில் யாருக்காவது கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் கண் அழுத்தமும் விழித்திரையும் பார்த்துவிட்டு வாருங்கள். கிளாக்கோமாவோ விழித்திரைக் கோளாறோ இருந்தால் டேபிளை மறந்துவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எலும்பு தேய்ந்து பலவீனமானவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், நெஞ்செரிச்சல் கடுமையாக உள்ளவர்கள் என எவருமே இதில் ஏறக் கூடாது.

செட் மாத்திரைக்கு வருகிறேன், எனக்கு உண்மையாகவே கோபம் வருவது இங்கேதான். அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. வழக்கமாக டைக்ளோபினாக் என்ற வலி மாத்திரை இருக்கும், சில இடங்களில் ஸ்டீராய்டும் சேர்ப்பார்கள். டைக்ளோபினாக் ரத்த அழுத்தத்தை ஏற்றும், வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டு அழுத்தத்தை ஏற்றும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் தலைகீழாகவும் தொங்குகிறீர்கள். ஊசி அதைவிட மோசம். புட்டத்தில் இடம் தவறிக் குத்தினால் காலுக்குப் போகும் பெரிய நரம்பே காயப்பட்டு, பாதம் தூக்க முடியாமல் தொங்கிவிடும். நீங்கள் டிஸ்க்கினால் வரும் என்று பயப்படுகிற அதே கதி, மெடிக்கல் ஊசியால் வரலாம்.

மற்றவை: சொடக்குச் சத்தம் மூட்டுக்குள் காற்றுக்குமிழியால் வருவது, விட்டுவிடுங்கள். முகச் சிவப்பு சில நிமிடத்தில் இறங்கும். கண்வெள்ளையில் சிவப்புத் திட்டு நின்றாலும் வலியும் பார்வைக் கோளாறும் இல்லையென்றால் ஓரிரு வாரத்தில் தானே மறையும். தொங்கும்போது மட்டும் வரும் காது இரைச்சலைக் கண்டுகொள்ள வேண்டாம்.

இப்போது வலிக்கு என்ன செய்வது? தரையில் பாய் விரித்துக் குப்புறப் படுங்கள். இரண்டு நிமிடம் சும்மா கிடங்கள். பிறகு முழங்கையை ஊன்றி மார்பை உயர்த்தி இரண்டு நிமிடம். அது பழகியதும் உள்ளங்கையை ஊன்றி, இடுப்பு தரையிலேயே கிடக்க, மேலுடம்பை மட்டும் மெல்ல உயர்த்தி இறக்குங்கள். பத்து முறை, ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. இழுப்பு கணுக்காலிலிருந்து கெண்டைக்கால், தொடை என்று மேலே ஏறிவந்தால், இடுப்பில் வலி கொஞ்சம் கூடினாலும் தொடருங்கள், அது நல்ல அறிகுறி. பாதத்தை நோக்கிக் கீழே இறங்கினால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

ஓட்டுநர் சீட்டின் அதிர்வும் மணிக்கணக்காக உட்கார்வதும் டிஸ்க்குக்கு ஆகாதவை. துறைமுக கேட்டுக்கு வெளியே வரிசை நகராமல் நிற்கும்போது கேபினிலேயே சாய்ந்து கிடக்காதீர்கள், பாதுகாப்பான இடம் பார்த்து இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள். கேபினிலிருந்து குதிக்கவே கூடாது. வண்டியைப் பார்த்தபடி, கைப்பிடியைப் பிடித்து, படி படியாக இறங்குங்கள். பின் பாக்கெட்டில் பர்ஸ் வைத்து அதன் மேல் உட்காரும் பழக்கம் இருந்தால் விடுங்கள். இடது பக்க நரம்பு ஏற்கெனவே நொந்திருக்கிறது.

மூன்று வெவ்வேறு நாளில் அழுத்தம் 140/90-க்குக் கீழே இருந்து, கண்ணும் சரியாக இருந்து, உங்களை நேரில் பார்க்கும் டாக்டரும் சம்மதித்தால் அந்த டேபிளைப் பயன்படுத்தலாம். அதற்கு முன் அதை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். கடலோரக் காற்றில் ஆணி, போல்ட், வெல்டிங் எல்லாம் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். பெயின்ட் உப்பியிருக்கும் இடத்தைச் சுரண்டிப் பாருங்கள். மேசை சுழலும் இரண்டு முனைகளின் போல்ட்டும், கணுக்கால் பூட்டின் பல்லும்தான் உயிர். பூட்டு ஒவ்வொரு பல்லிலும் சத்தத்தோடு விழ வேண்டும், கையால் வலித்து இழுத்தால் பிடி விடக் கூடாது. பல் தேய்ந்திருந்தால் பழைய இரும்புக்குப் போடுங்கள். அது வழுக்கினால் தலை நேராகத் தரையில் மோதும், உடைவது கழுத்து.

மொட்டை மாடி வேண்டாம். மழைநீர் ஓடத் தளத்தைச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள், கால் ஆடும். வீட்டுக்குள் சமதளத்தில், முன்னும் பின்னும் ஏழடி இடம் விட்டுப் போடுங்கள். உயர அளவை உங்கள் உயரத்துக்கு வையுங்கள். ஓரங்குலம் குறைந்தாலும் தலைப்பக்கம் பாரம் மிஞ்சி, திரும்பி எழ வராது. சாய்வைக் கட்டுப்படுத்தும் பட்டையை 20 டிகிரிக்குக் கட்டுங்கள். சரியாகப் பொருத்திய மேசையில், கையை மார்பில் கட்டிக்கொண்டால் மெல்ல நிமிரும், தலைக்கு மேல் நீட்டினால் மெல்லச் சாயும். முதல் வாரம் ஒரு நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. பிறகு 30 டிகிரி, இரண்டு மூன்று நிமிடம், அதற்கு மேல் உங்களுக்குத் தேவையில்லை. எழும்போது படுக்கை மட்டத்தில் ஒரு நிமிடம் நின்று, பிறகு நிமிருங்கள். சட்டென்று நிமிர்ந்தால் தலை சுற்றும். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் ஏற வேண்டாம். வீட்டில் யாராவது பக்கத்தில் இல்லாமலும் ஏற வேண்டாம். முடிந்ததும் மடித்துக் கட்டிவிடுங்கள், பிள்ளைகள் ஊஞ்சல் என்று ஏறிவிடுவார்கள்.

தொங்கும்போது காலில் இழுப்பு அதிகமானாலோ பார்வை மங்கினாலோ அப்போதே நிமிர்ந்துவிடுங்கள், திரும்ப ஏறாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அவரைப் பார்க்கப் போகும்போது ஸ்கேன் படத்தோடு அந்தச் செட் மாத்திரைப் பொட்டலத்தையும் கொண்டுபோங்கள்.