கேட்கிறவர் யார் என்று பார்த்துப் பேசுங்கள்

கேள்வி: கூட வேலை செய்பவர்கள் என் விசுவாசத்தைக் கிண்டல் செய்கிறார்கள். பதில் சொன்னால் வாக்குவாதமாகிறது. பேசாமல் இருந்தால் ஆண்டவரை மறுதலித்துவிட்டேனோ என்று மனசாட்சி குத்துகிறது. தாயை இழந்த தோழி ஒருத்தி, "கடவுள் ஏன் இப்படிச் செய்தார்?" என்று கேட்டாள். தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்கிற ரோமர் 8:28-ஐச் சொன்னேன். அதன் பிறகு அவள் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. நான் எப்படித்தான் பேசுவது?

பதில்: சகோதரி, நீங்கள் சொன்ன வசனத்தில் தவறில்லை. சொன்ன நேரம்தான் சரியில்லை. நம்மில் பலர் என்ன பேசுவது என்பதையே யோசிக்கிறோம், யாரிடம் பேசுகிறோம் என்பதை விட்டுவிடுகிறோம். பவுல் கொலோசெயர் 4:6-இல், நம் பேச்சு கிருபை பொருந்தினதாயும் உப்பால் சாரமேறினதாயும் இருக்கட்டும் என்கிறார். 'அவனவனுக்கு இன்னின்னபடி உத்தரவு சொல்லவேண்டுமென்று' நாம் அறியவேண்டும் என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது.

யோவான் 11-ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசியுங்கள். லாசரு இறந்தபின் மார்த்தாள் இயேசுவிடம், நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்கமாட்டான் என்கிறாள். பிறகு அவள் சகோதரி மரியாளும் வந்து அதையே சொல்கிறாள். மார்த்தாளிடம் அவர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார். மரியாள் அழுவதைக் கண்டபோதோ, 'எங்கே வைத்தீர்கள்' என்று மட்டும் கேட்டுவிட்டுக் கண்ணீர் விடுகிறார். போதனை எதுவும் இல்லை. ஒரே வார்த்தைகள், ஒரே துக்கம், ஆனாலும் இருவருக்கும் வேறு வேறு பதில். எத்தனை முறை வாசித்தாலும் இந்த இடம் என்னை நிறுத்திவிடுகிறது.

உங்கள் தோழியின் 'ஏன்' விளக்கம் தேடிய கேள்வியாக எனக்குத் தோன்றவில்லை, அது அழுகை. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து துக்கத்தில் இருந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் அவனோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்களே, அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள்தான். விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் எல்லாம் கெட்டது. இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. அவளிடம் போய், "அன்றைக்கு நீ சொன்னதை நான் முழுசாகக் கேட்கவில்லை, மன்னித்துக்கொள். அம்மாவைப் பற்றிச் சொல்லு" என்று மட்டும் சொல்லுங்கள். அப்புறம் கேட்டுக்கொண்டே இருங்கள். வசனம் வேண்டாம். அவளே கேட்கும் நாள் வந்தால் அப்போது சொல்லலாம்.

கிண்டல் வேறு விஷயம். பேசாமல் இருப்பதெல்லாம் மறுதலிப்பு ஆகாது. இயேசுவை விசாரித்தபோது, அற்புத அடையாளம் ஒன்றைப் பார்க்கும் ஆசையில் ஏரோது பல கேள்விகள் கேட்டான், இயேசு ஒரு வார்த்தையும் பதில் சொல்லவில்லை (லூக்கா 23:9). ஆனால் அவரை விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்துவிடம் பேசினார். நாலு பேர் சிரிக்கவேண்டும் என்று கேட்கிறவரிடம், "உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினால் தனியாக ஒருநாள் பேசலாம்" என்று முகம் கோணாமல் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். அவர் வந்தால் 1 பேதுரு 3:15 சொல்வதுபோல் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பேசுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். பதிலுக்கு அவர் நம்பிக்கையைக் கிண்டல் செய்வதை மட்டும் அறவே தவிருங்கள். கோபமாக வந்தால் உடனே பதில் சொல்லாதீர்கள், குறிப்பாக வாட்ஸ்அப்பில்.

இனிமையாகப் பேசுவது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கிண்டல் அவமதிப்பாக மாறினால், அவரைத் தனியே அழைத்து, "நீங்கள் இப்படிப் பேசுவது என்னைப் புண்படுத்துகிறது, நிறுத்துங்கள்" என்று தெளிவாகச் சொல்லலாம். மத்தேயு 18:15 சபைச் சகோதரனைப் பற்றியது என்றாலும், தனித்திருக்கையில் பேசு என்ற அந்த ஒழுங்கு இங்கேயும் உதவும். அதற்கு முன்னாலேயே அவரைப் பற்றி மற்றவர்களிடம், "ஜெபிக்கத்தான் சொல்கிறேன்" என்று ஆரம்பித்துப் பேசிவிடாதீர்கள். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் சபைகளில் நடக்கும் புறங்கூறுதல் கொஞ்சமல்ல. ஜெபிக்கவேண்டுமானால் அவர் பெயரை ஆண்டவரிடம் சொல்லுங்கள், அது போதும்.